ஐந்து துண்டும் பின்னியாயிற்று, இனி அதைக் கார்டிகன் ஆக்குவது எப்படி?

கேட்டவரின் நிலைமை இது: முதுகு, இரண்டு முன்பக்கம், இரண்டு கை என ஐந்து துண்டும் கையால் பின்னி முடித்தாயிற்று. ஓரமெல்லாம் சுருண்டு, ஒன்றுக்கொன்று அளவே ஒட்டாத மாதிரி மேஜைமேல் கிடக்கின்றன. போன தடவை இதே கட்டத்தில் ஒரே ராத்திரியில் உட்கார்ந்து தைத்த கார்டிகன், பட்டன் பட்டி அலை அலையாகி, சில மாதத்தில் தொடைவரை இறங்கி, இப்போது பெட்டிக்குள் இருக்கிறது. இந்தத் தடவை ஒழுங்காக வர என்ன செய்ய வேண்டும், வந்த பிறகு எப்படிப் போட்டுக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று கேட்கிறார்.

உங்கள் பின்னலில் பெரிய கோளாறு இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். புல்ஓவர் ஒரு குழாய். சுற்றிவரத் தன்னைத் தானே பிடித்துக்கொள்ளும். கார்டிகனில் அந்தக் குழாயை முன்னால் மேலிருந்து கீழ்வரை திறந்துவிடுகிறோம். அப்புறம் அது பின்கழுத்திலும் இரண்டு தோளிலும் மாட்டிய திரைச்சீலைதான். நடுத்தரத் தடிமன் கம்பளி நூலில் பெரியவர் அளவுக்குப் பின்னினால் அரைக் கிலோ அளவுக்கு எடை வரும். அத்தனை எடையும் அந்தச் சின்ன இடத்திலிருந்து தொங்குகிறது. ஆகவே இனி செய்யப்போகும் ஒவ்வொரு வேலையிலும், இந்த இடத்தில் எடையைத் தாங்கப்போவது எது என்று ஒரு தடவை யோசித்துவிட்டு ஊசியை எடுங்கள்.

ஆனால் ஊசி எடுப்பதற்கு முன்னால் தண்ணீர். தைப்பதற்கு முன்பே துண்டுகளை நனைத்து, அளவுக்கு விரித்து, காயவிட வேண்டும். பின்னுகிறவர்கள் இதை பிளாக்கிங் என்பார்கள். பின்னல் ஓரம் சுருளுவது உங்கள் தவறில்லை. ஒரு பக்கம் முழுக்க நிட் (வழவழப்பான V வடிவக் கண்ணி), மறுபக்கம் முழுக்க பர்ல் (புடைத்த கண்ணி) வருகிற சாதாரணப் பின்னலின் இயல்பே அதுதான். பக்கவாட்டு ஓரங்கள் உள்பக்கமாகவும், மேல் கீழ் ஓரங்கள் வெளிப்பக்கமாகவும் சுருளும். சுருண்ட ஓரத்தை விரலால் நிமிர்த்திக்கொண்டே தைத்தால் தையல் கோணும்.

கம்பளி இழை நம் தலைமுடி மாதிரி கெராட்டின் என்ற புரதத்தால் ஆனது. நனைந்தால் உள்ளே இருக்கும் நுண்ணிய பிணைப்புகள் தளர்கின்றன. காயும்போது எந்த வடிவத்தில் இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே மறுபடி பிணைந்துகொள்கின்றன. ஈரத் தலையைச் சீவி அப்படியே காயவிட்டால் முடி படிந்து நிற்கிறதே, அதே கதைதான். கண்ணிக்குக் கண்ணி இருந்த சின்னச் சின்ன ஏற்ற இறக்கங்களும் இதில் சமமாகிவிடும்.

வெதுவெதுப்பான தண்ணீரில், கம்பளிக்கான மென்மையான சோப்பு நீர் கொஞ்சம் விட்டு, 20 நிமிடம் ஊறவையுங்கள். கசக்க வேண்டாம், அலச வேண்டாம். வெளியே எடுக்கும்போது ஒரு முனையைப் பிடித்துத் தூக்காமல், இரண்டு கையாலும் மொத்தமாக அள்ளி எடுங்கள். ஈரக் கம்பளி தன் எடையாலேயே நீளும். பிறகு பெரிய குளியல் துண்டில் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, மேலே ஏறி மிதியுங்கள். கையால் முறுக்குவதைவிட இது நூலுக்கு நல்லது, தண்ணீரும் நன்றாக இறங்கும். அப்புறம் துருப்பிடிக்காத குண்டூசி கொண்டு, இன்ச் டேப்பால் அளந்து, மெத்தைமேலோ தடித்த விரிப்பின்மேலோ குத்துங்கள். இடுப்பு ரிப், மணிக்கட்டு ரிப் (நிட்டும் பர்லும் மாறி மாறி வரும் பட்டை) இரண்டையும் இழுத்துக் குத்தாதீர்கள். ரிப் சுருங்கி நிற்பதற்காகவே பின்னப்பட்டது. ஒருமுறை விரிந்த நிலையில் காய்ந்தால் தொளதொளவென்று ஆகிவிடும்.

இரண்டு முன்பக்கத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். நீளம் வித்தியாசமாகத் தெரிந்தால் டேப்பை நம்பாமல் வரிசைகளை எண்ணுங்கள். வரிசை எண்ணிக்கை ஒன்றாக இருந்தால் நீளத்தைக் குண்டூசி பார்த்துக்கொள்ளும். எண்ணிக்கையே இரண்டு மூன்று குறைந்தால், இப்போதே பிரித்துச் சேர்த்துவிடுவது நல்லது. தைக்கும்போது இழுத்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று விடுவதுதான் பின்னால் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கித் தெரிவது.

இதுவரை சொன்னதெல்லாம் சாதாரணக் கம்பளிக்கு. மெஷினில் துவைக்கலாம் என்று லேபிளில் போட்ட சூப்பர்வாஷ் கம்பளி வேறு ரகம். அதன் இழைமேல் இருக்கும் செதில்களை ரசாயனத்தால் மழுக்கியோ மேல்பூச்சு பூசியோ இருப்பார்கள். அதனால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாது. நனைந்ததும் துணி தாராளமாக நீளும். நான் முதல்முறை சூப்பர்வாஷ் நூலில் ஒரு கார்டிகன் முடித்து நனைத்தபோது கை இரண்டும் விரல் நுனியைத் தாண்டிப் போய்விட்டன. அப்படியே போட்டுவிட்டு ஒரு நாள் அந்த அறைக்குள்ளேயே போகவில்லை. பிறகுதான் தெரிந்தது, ஈரம் முக்கால்வாசி இறங்கியதும் டிரையரில் குறைந்த சூட்டில் பத்து நிமிடம் ஓடவிட்டால் பெரும்பாலும் பழைய அளவுக்குத் திரும்பிவிடும் என்று. லேபிளில் டிரையர் கூடாது என்றிருந்தால் மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

அக்ரிலிக் நூல் தண்ணீருக்கு அசையாது, ஆவிக்குத்தான் படியும். ஆனால் இஸ்திரிப் பெட்டியை அதன்மேல் வைத்து அழுத்தினால் இழை இளகி, துணி துவண்டு, பளபளத்துப் போகும். பிறகு எதைச் செய்தாலும் திரும்பாது. இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலே பிடித்து ஆவியை மட்டும் காட்டுங்கள். பருத்தி நூல் எடை அதிகம், இழுத்தால் திரும்பிச் சுருங்கும் குணமும் குறைவு. பருத்திக் கார்டிகன் போடப்போடக் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று வைத்துக்கொண்டு முதலிலேயே சற்றுக் குட்டையாகப் பின்னுவதே வழி. அல்பாகா என்ற விலங்கின் ரோம நூலும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

சரி, தையலுக்கு வருவோம். முதலில் தோள். பின்னும்போது தோள் கண்ணிகளை மூடாமல் ஊசியிலேயே வைத்திருந்தால், முதுகுத் தோளையும் முன் தோளையும் நல்ல பக்கங்கள் உள்ளே வரும்படி சேர்த்துப் பிடித்து, மூன்றாவது ஊசியால் இரண்டிலிருந்தும் ஒவ்வொரு கண்ணியாகச் சேர்த்துப் பின்னிக்கொண்டே மூடுங்கள். உறுதியான, இழுபடாத விளிம்பு கிடைக்கும். ஏற்கெனவே மூடியாயிற்று என்றால் கண்ணிக்குக் கண்ணி தைக்கலாம். அதுவும் நன்றாகவே தாங்கும். தைத்தது தெரியாமல் இணைக்கிறேன் என்று தோளில் போய்க் கிச்சனர் முறையில், அதாவது இரண்டு பக்கக் கண்ணிகளும் ஒரே பின்னல்போல ஆகும்படி, ஊசிநூலால் கோத்துவிடாதீர்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அங்கே தையல்கோடே இல்லாததால் எடை பட்டதும் தோள் முழங்கையை நோக்கி நகரும்.

தோளை இணைத்த கையோடு இன்னொரு வேலை. குரோஷே ஊசியால் (முனையில் கொக்கி உள்ள ஊசி), உள்பக்கத்தில், ஒரு தோள் முனையில் தொடங்கிப் பின்கழுத்து வழியாக மறு தோள் முனைவரை ஒரு சங்கிலி வரிசை போடுங்கள். சங்கிலி பின்னலைப்போல நீளாது. கார்டிகன் முழுவதும் தொங்குகிற கொடி அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். கொஞ்சம் இறுக்கமாகவே போடலாம்; சுருக்கம் விழாத அளவுக்கு. கழுத்திலிருந்து கீழ்நோக்கித் தையலே இல்லாமல் ஒரே துண்டாகப் பின்னியவர்களுக்கு இது இன்னும் அவசியம், ஏனென்றால் அவர்கள் கார்டிகனில் தாங்குவதற்கு வேறு எதுவுமே இல்லை. உங்கள் பழைய கார்டிகன் தொடைவரை இறங்கியதற்குப் பாதிக் காரணம் இங்கேதான் இருக்கும் என்பது என் ஊகம்.

பக்கத் தையலுக்கும் கைத் தையலுக்கும் மேட்ரஸ் ஸ்டிட்ச். இதை ஒரு தடவை கிட்டத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பயம் போய்விடும். இரண்டு துண்டையும் நல்ல பக்கம் மேலே தெரியும்படி பக்கம் பக்கமாக வையுங்கள். ஓரக் கண்ணிக்கும் அதற்கு அடுத்த கண்ணிக்கும் நடுவே விரலால் மெல்ல விலக்குங்கள். ஏணிப்படி மாதிரி சின்னச் சின்னக் குறுக்கு நூல்கள் தெரியும், ஒரு வரிசைக்கு ஒரு படி. மழுங்கிய முனையுள்ள ஊசியில் நூல் கோத்து, இடப்பக்கம் ஒரு படி, வலப்பக்கம் ஒரு படி என்று மாறி மாறி அடியில் நுழைத்துக்கொண்டே போங்கள். ஏழெட்டுப் படி ஏறியதும் நூலை மெதுவாக இழுத்தால் இரண்டு ஓரமும் உள்ளே திரும்பி, தையல் காணாமல் போகும். முதல்முறை அது மறைகிற கணத்தில் யாராக இருந்தாலும் பிரித்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பார்கள், நானும் பார்த்திருக்கிறேன். நூலை இழுத்த பிறகு தையலைப் பிடித்துச் சற்று நீட்டிவிடுங்கள். அதிகம் இறுக்கியிருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

பஞ்சு பஞ்சாக இருக்கும் நூலோ, முறுக்கில்லாத ஒற்றை இழை நூலோ தையலில் உராய்ந்து அறுந்துபோகும். அப்படிப்பட்ட நூலில் பின்னியிருந்தால், அதே நிறத்தில் வழவழப்பான முறுக்குக் கம்பளி நூலால் தைக்கலாம். கருப்பு, கருநீல நூலை ராத்திரி விளக்கில் தைப்பது வேண்டாத வேலை. பகல் வெளிச்சத்துக்குக் காத்திருங்கள்.

கையைப் பொருத்துவதில்தான் பலரும் தடுமாறுவது. பக்கத் தையலைப் போடுவதற்கு முன்பே, உடல் விரிந்து கிடக்கும்போதே கையை இணைத்துவிடுவது எனக்கு எளிது. கையின் மேல்வளைவை இரண்டாக மடித்து நடுப்புள்ளியைக் கண்டுபிடித்து, அதைத் தோள் தையலில் ஊக்கு வைத்துப் பிடியுங்கள். அக்குளில் மூடிய கண்ணிகள் இரண்டு பக்கமும் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். அங்கே இரண்டு ஊக்கு. நடுவில் மிச்சமுள்ளதைச் சமமாகப் பங்கிட்டு இன்னும் நாலைந்து. கை வளைவு கைக்குழியைவிடச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்தால் கவலை வேண்டாம், அந்தக் கூடுதலைத் தோள் முனையருகே அடக்கிக்கொள்ளலாம். அக்குள் பக்கம் தள்ளினால் அங்கே மூட்டையாகப் புடைக்கும்.

கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக வரும் ராக்லன் கை என்றால் இந்தத் தொல்லை இல்லை. சாய்வுக்குச் சாய்வு தைத்தால் போதும். ராக்லன் பிரபு வாட்டர்லூ போரில் வலக்கையை இழந்தவர், அவர் பெயரில் வந்ததுதான் அந்தக் கை. அவர் பிறகு கிரிமியப் போரில் பிரிட்டிஷ் படைக்குத் தலைமை தாங்கினார். அதே போரில், 1854 அக்டோபர் 25 அன்று பாலக்லாவாவில் இலகுரகக் குதிரைப்படையை நடத்திப்போனவர் 7ஆம் கார்டிகன் பிரபு. முகத்தை மூடும் பின்னல் குல்லாவுக்கும் அந்த ஊர்ப் பெயர்தான். ஒரே போர், பின்னுகிறவர்களுக்கு மூன்று பெயர். குளிர் அப்படி.

இப்போது பட்டன் பட்டி. கார்டிகன் கடையில் வாங்கியது மாதிரி இருக்கிறதா, அவசரத்தில் முடித்தது மாதிரி இருக்கிறதா என்பதை ஊரார் இந்த மூன்று சென்டிமீட்டர் அகலத்தில்தான் தீர்மானிக்கிறார்கள். அலை அலையாக வந்தால் கண்ணி அதிகம் எடுத்துவிட்டீர்கள். முன்பக்கம் மேலே இழுத்துக்கொண்டு நின்றால் குறைவாக எடுத்துவிட்டீர்கள். முன்பக்கத்தின் ஓரத்தில் இருப்பவை வரிசைகள். பட்டிக்காக நாம் எடுப்பவை கண்ணிகள். கண்ணி உயரத்தைவிட அகலம் கூடியது. ஒரு வரிசைக்கு ஒரு கண்ணி என்று எடுத்தால் அகலமானவற்றைக் கொஞ்ச இடத்தில் திணிக்கிறோம், அதுதான் அலையாகிறது. நான்கு வரிசைக்கு மூன்று கண்ணி என்பது சாதாரணப் பின்னலுக்குப் பெரும்பாலும் சரியாக வரும் கணக்கு: மூன்று எடுங்கள், ஒன்றைத் தாண்டுங்கள். முன்கழுத்தில் மூடிய கண்ணிகள் இருக்கும் இடத்தில் மட்டும் ஒன்றுக்கு ஒன்று.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 10 சென்டிமீட்டரில் 20 கண்ணி, 28 வரிசை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முன்பக்கம் 50 சென்டிமீட்டர் என்றால் 140 வரிசை. அதில் முக்கால் பங்கு 105 கண்ணி. உடல் பின்னிய ஊசியைவிட அரை அல்லது முக்கால் மில்லிமீட்டர் சிறிய ஊசியில், ஒரு நிட் ஒரு பர்ல் ரிப்பாக 105 கண்ணி பின்னினால், முன்பக்கத்தின் நீளத்தோடு ஒட்டி, கொஞ்சம் இழுத்துப் பிடித்தபடி நிற்கும். அந்த லேசான பிடிப்பு வேண்டும். பட்டி போடப்போட இறங்குமே தவிர ஏறாது. ஓரத்தைப் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு ஊக்கு போட்டுப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொரு பாகத்திலும் 21 கண்ணி என்று எடுத்தால் கூடக் குறைய ஆகாது. ஓரக் கண்ணியின் வெளி நூலில் ஊசியை விடாமல், ஒரு முழுக் கண்ணி உள்ளே தள்ளி, அதே ஏணி இடைவெளியில் விட்டு எடுங்கள், ஓட்டை தெரியாது.

பட்டன் தைக்கிற பக்கத்தை முதலில் முடியுங்கள். பெண்கள் உடுப்பில் வழக்கமாகக் காஜா வலப்பக்கம், பட்டன் இடப்பக்கம், ஆண்களுக்கு மாற்றி. முடித்த பட்டியின்மேல் பட்டன்களை வைத்துப் பார்த்து, இடம் குறித்து, அதைப் பார்த்து எதிர்ப்பக்கத்தில் காஜா வையுங்கள். பட்டன்களையும் இந்தக் கட்டத்துக்கு முன்னால் வாங்காதீர்கள். பின்னிய துணியைக் கையோடு எடுத்துப்போய்ப் பொருத்திப் பாருங்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் மின்னிய பட்டன் கம்பளிமேல் வைத்ததும் வேறு முகம் காட்டும். கனமான உலோகப் பட்டன் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஏழு சேர்ந்தால் பட்டியைக் கீழே இழுத்துவிடும்.

105 கண்ணியில் ஏழு காஜா எப்படி வைப்பது? ஒவ்வொரு காஜாவுக்கும் 2 கண்ணி, மொத்தம் 14. இடைவெளி ஆறு, ஒவ்வொன்றும் 14 கண்ணி, அது 84. மிச்சம் 7, ஒரு முனையில் 4, மறு முனையில் 3. இதில் ஒரு சின்ன லாபம் இருக்கிறது. நிட்டில் தொடங்கும் ரிப்பில் ஒற்றைப்படை எண்ணெல்லாம் நிட், இரட்டைப்படையெல்லாம் பர்ல். 5ஆவது, 6ஆவது கண்ணிகளைச் சேர்த்துப் பின்னிவிட்டு, உடனே நூலை ஊசிமேல் சுற்றிக்கொண்டால், ஓட்டை சரியாக 6ஆவது இடத்தில், பர்ல் பள்ளத்துக்குள் விழும். அடுத்த காஜா 16 கண்ணி தள்ளி வருவதால் எல்லாமே பள்ளத்துக்குள்தான் ஒளியும். இந்த எளிய ஓட்டை ஒன்றேகால் சென்டிமீட்டர்வரையான பட்டனுக்குப் போதும். பின்னல் நீளும் என்பதால் பட்டன் நுழையச் சற்றுச் சிரமமாக இருக்கும் அளவுதான் சரி. சுலபமாக நுழைகிற பட்டன் சுலபமாகவே கழன்றும் வரும்.

மார்பு அதிகம் அகலமாக இருக்கும் மட்டத்தில் ஒரு பட்டன் கட்டாயம் வர வேண்டும். போட்டுப் பார்த்து அந்த இடத்தை முதலில் குறியுங்கள். மற்றவற்றின் எண்ணிக்கையை அதற்குத் தகுந்தமாதிரி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பட்டனுக்கு நடுவே வாய் பிளப்பது பெரும்பாலும் இதைக் கவனிக்காததால் வருவது. உடலே இறுக்கமாக இருந்தால் எத்தனை பட்டன் வைத்தாலும் பிளக்கத்தான் செய்யும், அது வேறு.

பட்டனைத் துணியோடு ஒட்டித் தைக்காதீர்கள். பட்டனுக்கும் பட்டிக்கும் நடுவே ஒரு தீக்குச்சியை வைத்துத் தைத்து, குச்சியை உருவிவிட்டு, அந்த இடைவெளியில் தொங்கும் நூல்களைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றி முடிச்சுப் போடுங்கள். பட்டனுக்கு ஒரு கழுத்து கிடைக்கும். மேல் பட்டி அதன்மேல் சுருங்காமல் உட்காரும். உள்பக்கத்தில் ஒரு சின்னத் தட்டைப் பட்டனையும் சேர்த்தே தைத்தால், இழுப்பு முழுவதும் பின்னல் கண்ணிமேல் விழாது. பட்டி இன்னும் தளர்வாகவே தோன்றினால், பட்டன் பக்கத்தின் உட்புறம் குரோகிரெய்ன் ரிப்பன் (குறுக்கு வரி உள்ள கெட்டியான ரிப்பன்) வைத்துத் தைக்கலாம். தைக்கும் முன் ரிப்பனை ஒரு தடவை நனைத்துக் காயவைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் சலவையில் ரிப்பன் சுருங்கிப் பட்டி நெளியும். ஜிப் வைக்க நினைத்தாலும் இதே கவனம்தான், கூடவே மெஷினை ஒதுக்கிவிட்டுக் கையால் தையுங்கள்.

நூல் முனைகள். குறைந்தது 15 சென்டிமீட்டர் விட்டு வெட்டியிருந்தால் வேலை சுலபம். ஓரத்தில் இருப்பவற்றைத் தையலுக்குள் ஓட்டிவிடுங்கள். நடுவில் இருப்பவற்றை உள்பக்கத்தில், பக்கத்துக் கண்ணி போகிற வழியிலேயே ஏழெட்டுக் கண்ணி தூரம் கொண்டுபோய், திரும்பி எதிர்த்திசையில் கொஞ்சம் வாருங்கள். சாதாரணக் கம்பளி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். வழுக்குகிற சூப்பர்வாஷ், பருத்தி நூல்களின் முனையை இரண்டு இழையாகப் பிரித்து இரண்டு திசையில் ஓட்டினால் வெளியே எட்டிப்பார்க்காது. ஒட்ட வெட்ட வேண்டாம். அரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஒரு தடவை துவைத்த பிறகு மிச்சத்தை நறுக்குங்கள்.

போட்டுக்கொள்வது பற்றி. உள்ளே சட்டை போட்டு அதன்மேல் போடுவதென்றால் மார்பளவைவிட 8 முதல் 10 சென்டிமீட்டர் கூடுதல் இருந்தால்தான் கை தூக்கும்போது உறுத்தாது. எல்லாப் பட்டனும் போட வேண்டும் என்று சட்டமில்லை. நடுவில் மூன்று போட்டாலே முன்பக்கம் இரண்டும் ஒன்றையொன்று தாங்கிக்கொள்ளும். முழுதும் திறந்தே போடுகிற பழக்கமுள்ளவர்களின் பட்டிதான் சீக்கிரம் இறங்குகிறது. பையில் போனையோ சாவிக்கொத்தையோ வைக்காதீர்கள். பின்னல் பை கைக்குட்டை வைக்கத்தான். கழற்றும்போது ஒரு கையின் மணிக்கட்டைப் பிடித்து இழுக்காமல், தோளிலிருந்து நழுவவிடுங்கள்.

ஒரு நாள் போட்டால் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள், மடித்துத்தான். ஹேங்கரில் மாட்டினால் தோளில் இரண்டு கொம்பு முளைக்கும். மேலே சொன்ன அத்தனை தோள் வேலையும் வீண். நாற்காலி முதுகில் போடுவதும் அதே குற்றம்தான், நான் இன்னும் விடாத குற்றம்.

அடிக்கடி துவைக்கவும் வேண்டாம். கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் தொட்டால் நனைந்த மாதிரி இருக்காது. காற்றாட விட்டால் வாடையும் போய்விடும். கறை பட்டால் அந்த இடத்தை மட்டும் அலசுங்கள். முழுதாகத் துவைக்கும்போது பிளாக்கிங்குக்குச் சொன்ன அதே முறை: ஊறவை, துண்டில் சுருட்டு, படுக்கப்போட்டுக் காயவை. சுடுதண்ணீரில் போட்டுக் கசக்கினால் இழைச் செதில்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு துணி சுருங்கிக் கெட்டியாகும். அதைத் திருப்ப வழியில்லை. கொடியில் தொங்கவிடாதீர்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

அக்குளிலும், பை வார் உரசும் இடத்திலும் முதல் சில மாதம் பிசிறு உருண்டைகள் வரும். நூலில் இருக்கும் குட்டை இழைகள் வெளியே வந்து உருள்வதுதான் அது, மட்டமான நூல் என்று அர்த்தமில்லை. கையால் பிய்த்தால் நல்ல இழையும் கூடவே வரும். கம்பளிச் சீப்பால் துணியை இழுத்துப் பிடித்து மெதுவாக வாருங்கள். கொக்கியிலோ நகத்திலோ மாட்டி ஒரு கண்ணி வெளியே இழுபட்டால் கத்தரியைத் தொடவே கூடாது. குரோஷே ஊசியால் அந்த வளையத்தை உள்பக்கம் இழுத்துவிட்டு, சுற்றியுள்ள கண்ணிகளை நாலாபக்கமும் மெல்ல நீட்டினால் நூல் தன் இடத்துக்குத் திரும்பிவிடும்.

வெயில் காலத்துக்கு எடுத்து வைப்பதற்கு முன்னால் கட்டாயம் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். கம்பளியைத் தின்பது பறக்கும் பூச்சியில்லை, அதன் புழு. வியர்வையும் உணவுக் கறையும் பட்ட இடத்தை அது தேடிப் பிடிக்கும். காற்றுப் புகாத பையில் போட்டு மூடி வையுங்கள். ஏற்கெனவே பூச்சி வந்துவிட்டது என்று சந்தேகமிருந்தால், பையோடு ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் முட்டையும் புழுவும் சாகும். வெளியே எடுத்ததும் உடனே பையைத் திறக்காமல் அறைச் சூட்டுக்கு வரட்டும்.

மிஞ்சிய நூலில் இரண்டு மூன்று மீட்டரைச் சுருட்டி, உள்ளே பக்கத் தையலில் ஒரு பட்டனோடு சேர்த்துத் தளர்வாகத் தைத்துவிடுங்கள். கார்டிகனோடு சேர்ந்தே துவைபட்டு, சேர்ந்தே வெளுக்கும். முழங்கை மெலியத் தொடங்கியதும், ஓட்டை விழுவதற்கு முன்பே, அந்த நூலை எடுத்து, இருக்கிற கண்ணியின் வடிவத்தை அப்படியே பின்பற்றி மேலே இன்னொரு கண்ணி போலத் தைத்துக்கொண்டு போனால், பழுது பார்த்த இடம் எங்கே என்று தேட வேண்டியிருக்கும்.

கடைசியாக, பெட்டியில் இருக்கிற பழையது. அதை விட்டுவிடாதீர்கள். பட்டன்களை வெட்டி எடுங்கள், இரண்டு பட்டியையும் பிரித்துவிடுங்கள். பட்டிதானே, ஒரு மாலை வேலை. பின்கழுத்தில் குரோஷே சங்கிலி போடுங்கள். நீளம் அதிகம் என்றால், இடுப்பு ரிப்புக்கு மேலே வேண்டிய உயரத்தில் ஒரு வரிசையின் நடுவில் ஒரே ஒரு கண்ணியை வெட்டி, அந்த வரிசை நூலை இரண்டு பக்கமும் ஊசி முனையால் கண்ணி கண்ணியாக உருவுங்கள். கீழ்ப்பாகம் தனியாகக் கழன்று வரும். மேலே திறந்து நிற்கும் கண்ணிகளை ஊசியில் எடுத்துக்கொண்டு, அங்கிருந்து கீழ்நோக்கிப் புதிதாக ரிப் பின்னி மூடுங்கள். பிரித்த நூல் நெளிநெளியாக இருக்கும்; கண்டாகச் சுற்றி, நனைத்து, காயவிட்டால் நிமிர்ந்துவிடும். அந்த நூலிலேயே பட்டிக்கு நான்கு வரிசைக்கு மூன்று என்று எடுக்கத் தொடங்குங்கள். புதியதில் கை வைப்பதற்கு முன் இதில் ஒரு தடவை பழகிக்கொண்டதாகவும் ஆகும்.